எஸ்டேட் ஊரில் கம்பெனி விருந்து: மண்டபம் பிடிப்பது முதல் உறுமி மேளம் வரை

செம்பனைக் குலை ஏற்றும் லாரிக் குத்தகையாளர், இரும்புக்கடை, டயர் கடை, மசாலா அரைக்கும் ஆலை, கூட்டுறவுச் சங்கக் கிளை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் கம்பெனி என்றால் பெரும்பாலும் இவைதான். ஆண்டுக்கு ஒரு தடவை ஊழியர்களுக்கு விருந்து நடக்கும். நடுநடுவே சரக்கு கொடுப்பவர்களோடும் வாடிக்கையாளர்களோடும் கூட்டம் இருக்கும். பக்கத்துப் பெரிய நகரமான ஈப்போவின் ஓட்டலில் இதையெல்லாம் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள். இங்கே "நீயே பாத்துக்கப்பா" என்று முதலாளி யாரிடம் சொன்னாரோ அவர்தான் ஆள். முதல்முறையாக அப்படி மாட்டிக்கொண்டவருக்காக எழுதியது இது.

மண்டபத்தைத் தேடி முதலில் ஓடாதீர்கள். ஒரு தாளில் வரப்போகிறவர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்றைக் குறியுங்கள்: எங்கிருந்து வருகிறார், என்ன சாப்பிடுவார், எப்படி வீடு திரும்புவார். இடமும் தேதியும் பாதிக்குமேல் இந்தத் தாளிலேயே முடிவாகிவிடும்.

தலைக்கணக்கு

"குடும்பத்தோடு வாங்க" என்று அழைப்பிதழில் போட்டால் ஓர் ஊழியருக்கு நான்கு பேர் என்று கணக்கு வையுங்கள். 20 ஊழியர்கள் என்றால் 80 பேர். "நீங்களும் உங்கள் துணையும்" என்று போட்டால் 40. இரண்டுக்கும் நடுவில் மழுப்பலாக எழுதினால் எத்தனை பேர் வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, சாப்பாடு ஒன்று பற்றாது அல்லது மிஞ்சும். பிள்ளைகள் வரலாமா, கூடாதா என்பதை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். நம்மவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வந்த பிறகு நாற்காலி இல்லாமல் நின்றால்தான் ஆண்டுக்கணக்கில் பேசுவார்கள்.

கேட்டரிங்காரர்கள் தலையை 'பேக்ஸ்' என்பார்கள். அவர்களிடம் இரண்டு எண் கொடுங்கள்: கட்டாயம் பணம் கட்டும் எண் ஒன்று, அதிகபட்சமாக வரக்கூடிய எண் ஒன்று. 80 பேரை எதிர்பார்த்தால் 70 உறுதி, 85 வரை தயார் என்பது நல்ல பேச்சு. கடைசி எண்ணை ஐந்து நாளுக்கு முன் சொல்வதாக ஒப்புக்கொள்ளுங்கள்.

தேதி

சனிக்கிழமை இரவுதான் பொதுவில் சரி. தோட்டத்தில் வேலை செய்பவருக்கு விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, இருக்கிறது. வார நாளில் பத்தரை மணிவரை உட்கார வைத்தால் ஒன்பதுக்கே பாதி மேசை காலியாகிவிடும். ஆனால் எல்லாச் சனிக்கிழமையும் ஒன்றல்ல. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். அதையொட்டி வரும் சனிக்கிழமை ஊரே கடைத்தெருவில் இருக்கும். கடைக்காரர்களை அன்று விருந்துக்கு அழைத்தால் கல்லாவை விட்டு எழுந்து வரமாட்டார்கள், வந்தவர்களுக்கும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மூன்றாவது சனிக்கிழமை பாருங்கள்.

கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. பாடாங் செராய், லூனாஸ் பக்கம் நடத்துவதானால் வியாழன் இரவோ வெள்ளி இரவோ வசதி. ஜொகூர் 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. குளுவாங்கில் இன்னும் பழைய கணக்கில் பேசுகிற மண்டபக் கண்காணிப்பாளர் இருந்தால் கிழமையைத் தேதியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

புரட்டாசியில் வைத்தால் மேசையில் பாதிப் பேர் சைவம். அப்படியே வைப்பதென்றால் முழுச் சைவமாக வைப்பது மேல். கோழியை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் மைக்கில் நன்றி சொல்வது சங்கடம். ரமலானில் பகல் கூட்டம் வைக்காதீர்கள். தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் விரதம் இருப்பவர்கள் ஏராளம், சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் பாதிக் கடை அடைப்பு. பகல் கூட்டம் எந்த வெள்ளியிலும் பன்னிரண்டு மணிக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் தொழுகை முடிந்து மூன்றுக்குத் தொடங்க வேண்டும். இரவு விருந்துக்கு எட்டு மணி சரியான நேரம். மக்ரிப் தொழுகை முடிந்திருக்கும், வீட்டில் விளக்கேற்றிவிட்டு வருபவர்களும் வந்து சேர்ந்திருப்பார்கள்.

எந்த இடம்

பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து விலை, விநியோகம் பேசும் கூட்டத்துக்கு மண்டபம் வேண்டாம். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் மாடி அறையே போதும். ஆனால் நேரம் முக்கியம். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கீழே தட்டுச் சத்தம், மேலே பேச்சே கேட்காது. மூன்றிலிருந்து ஐந்து வரை அதே அறை அமைதியாக இருக்கும், முதலாளியும் வாடகை கேட்கமாட்டார். வடையும் தே தாரிக் தேநீரும் ஆர்டர் செய்தால் போதும்.

நாற்பதிலிருந்து எண்பது பேர் என்றால் சீன உணவகத்தின் மேல்தளம் ஒரு வழி. பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை, எட்டு ஒன்பது வகை உணவு ஒன்றன்பின் ஒன்றாக வரும், மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். சைவக்காரர்களைப் பல மேசைகளில் சிதறவிடாமல் தனி மேசையாக்கி அதற்குத் தனி ஆர்டர் கொடுங்கள். முஸ்லிம் விருந்தினர் இருந்தால் ஹலால் சான்றிதழ் இல்லாத கடையை மறந்துவிடுங்கள். பன்றி இறைச்சி இல்லை என்று பலகை மாட்டியிருப்பது ஹலால் ஆகாது. ஜாக்கிம் (அரசு இஸ்லாமியத் துறை) சான்றிதழ் இருக்கிறதா, காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோயில் மண்டபம் மலிவு, சுத்தம், எல்லாருக்கும் வழி தெரியும். அங்கே சைவம் மட்டும்தான், மதுவுக்கு இடமில்லை, ஆட்டபாட்டத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. முஸ்லிம் ஊழியர் சிலர் கோயில் வளாகத்துக்குள் வரத் தயங்கலாம். அவர்களை அந்த நிலைமைக்குத் தள்ளாதீர்கள். தமிழ்ப்பள்ளி மண்டபம் வேண்டுமானால் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அங்கே சிகரெட், மது இரண்டும் கிடையாது. நகராண்மைக்கழக டேவான் (பொது மண்டபம்) பெரியது, வாடகையும் குறைவு, ஆனால் அரசு நிகழ்ச்சி வந்தால் உங்கள் தேதி பறிபோகலாம். முன்பதிவு ரசீதில் அதற்கான விதி இருக்கும், படித்துப் பாருங்கள். சுங்கை சிப்புட்டில் கேட்க வேண்டிய இடம் கோலகங்சார் நகராண்மைக்கழகம்.

தோட்டத்துக் கிளப் வீடு அழகான இடம். படங்கள் நன்றாக வரும். ஆனால் நிர்வாகியின் எழுத்து அனுமதி, காவல் சாவடியில் ஒவ்வொரு வண்டி எண்ணும், கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் சாலை. மழை பெய்தால் மைவி மாதிரி சின்னக் கார் சறுக்கும். புடவை கட்டி வருகிற பெண்களும் பாட்டிமார்களும் அதிகம் என்றால் வேண்டாம்.

ஈப்போ ஓட்டல் சுமார் 30 கிலோமீட்டர். வெளியூர் வாடிக்கையாளர்களுக்குக் கௌரவம், தோட்ட லயத்து வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு அலைச்சல். ஊழியர் விருந்தை அங்கே வைப்பதானால் பள்ளி வேன் ஓட்டுநர்களிடம் பேசிப் போக வரக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டட்டும்.

நேரில் போய்ப் பாருங்கள்

விருந்து எந்தக் கிழமை, எத்தனை மணிக்கோ அதே கிழமை, அதே மணிக்குப் போங்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பார்த்தால் எல்லா மண்டபமும் நல்ல மண்டபம்தான். சனி இரவு போனால்தான் முன்னால் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போட்டு வண்டி நிறுத்துமிடம் முழுக்கக் கடையாகியிருப்பதும், பக்கத்து மண்டபத்தில் கல்யாண பேண்ட் வாசிப்பதும் தெரியும்.

உள்ளே நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். சத்தம் உடனே அடங்கினால் நல்லது. 'டப்... டப்... டப்' என்று சுவரில் முட்டித் திரும்பினால் சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் சேர்ந்து பேச்சைக் கலக்கிவிடும். திரைச்சீலை, மேசைத் துணி, ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் கொஞ்சம் அடங்கும். இருந்தாலும் பெரிய ஸ்பீக்கர் இரண்டை முன்னால் வைத்து அலற விடுவதைவிட, சின்ன ஸ்பீக்கர் நான்கைச் சுவரோரம் பிரித்து வைத்தால் சொல் புரியும். மேலே அண்ணாந்து பாருங்கள். உள்கூரை இல்லாத வெறும் தகரமா? மழை கொட்டினால் மைக்கில் கத்தினாலும் கேட்காது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் மாலை இடிமழை வாடிக்கை. தைப்பிங்கில் மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டுவார்கள் என்ற பழங்கதை சும்மா வந்ததில்லை. அந்த மாதங்களில் தகரக் கூரை மண்டபம்தான் கிடைத்தது என்றால் உரையை எட்டரைக்குள் முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுங்கள்.

அளவு நாடா கொண்டுபோங்கள். ஐந்தடி வட்ட மேசைக்குப் பத்துப் பேர். மேசைக்கும் மேசைக்கும் நடுவில் ஐந்தடி விட்டால்தான் இரண்டு நாற்காலி முதுகுக்கு முதுகு போட்டு, நடுவில் பரிமாறுகிறவர் போக முடியும். நடைவழியும் சேர்த்து ஆளுக்கு 15 சதுர அடி. 80 பேருக்கு 1,200, மேடைக்கு 200, பஃபே மேசைக்கு 200, ஆக 1,600 சதுர அடி. 40க்கு 40 அடி. மண்டபக்காரர் "இருநூறு பேர் உட்காரலாம் சார்" என்பார். அது மேசையில்லாமல் வெறும் நாற்காலி போட்ட கணக்கு. புரொஜெக்டர் உண்டு என்றால் திரையின் அகலத்தை ஆறால் பெருக்குங்கள். எட்டடித் திரைக்கு 48 அடி. அதற்குப் பின்னால் உட்காருபவருக்கு எழுத்து தெரியாது.

பிறகு மின்சாரம். 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். தண்ணீர் கொதிக்க வைக்கும் பெரிய பாத்திரம் ஒன்றே 2,500 வாட் இழுக்கும். கேட்டரிங்காரர் அதையும் சோற்றுப் பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுவார், அதே சுவரில் ஒலிப்பெட்டியும் இருக்கும், நடனம் பாதியில் விளக்கணையும். ஒலிக்கு ஒரு சுவர், சமையலுக்கு எதிர்ச் சுவர் என்று பிரித்துவிடுங்கள். மின்பெட்டி எங்கே இருக்கிறது, அதன் சாவி யார் கையில் என்று கேளுங்கள். பல டேவான்களில் சாவி பாதுகாவலர் வீட்டில் இருக்கும், அவரோ சனி இரவு கம்பத்தில், அதாவது கிராமத்தில், விருந்துக்குப் போயிருப்பார்.

கழிப்பறையைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வருகிறதா, பெண்கள் பக்கம் எத்தனை அறை, விளக்கு எரிகிறதா. தொழுகைக்கு ஒரு சின்ன அறை ஒதுக்க முடியுமா என்றும் கேளுங்கள். கைப்பேசியில் ஒரு காணொலியை அனுப்பிப் பாருங்கள். மண்டபத்துக்குள் சிக்னல் இல்லையென்றால் கியூஆர் குலுக்கல், இணையவழித் திரையிடல் போன்ற யோசனைகளை அப்போதே கைவிட்டுவிடலாம்.

பணமும் எழுத்தும்

ஓட்டல் விலையில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது கடைசி விலை இல்லை. 80 ரிங்கிட் என்று எழுதியிருப்பதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், உணவுக்கு 6 விழுக்காடு சேவை வரி ஏறி 93 ரிங்கிட்டுக்கு அருகில் வந்து நிற்கும். 80 பேருக்கு அந்த வித்தியாசமே ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல். 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடானபோது உணவும் பானமும் 6லேயே நின்றன. ஆனால் ரசீதில் மற்ற சேவைகளும் சேர்ந்திருந்தால் 8 தனியாக வரும், கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்காளர் சந்தோஷப்படும் ஒரு காரியம் இது: ஊழியர் விருந்துக்கும் வாடிக்கையாளர் விருந்துக்கும் தனித்தனி ரசீது வாங்குங்கள். ஊழியர்களுக்குச் செய்யும் கேளிக்கைச் செலவை முழுதாகவும், வாடிக்கையாளர்களுக்குச் செய்வதைப் பொதுவாகப் பாதியாகவும் வருமான வரியில் கழிக்கலாம். இரண்டையும் ஒரே இரவில் ஒரே ரசீதில் போட்டால் பிரித்துக் காட்ட வழியில்லாமல் முழிக்க வேண்டியதுதான். ரசீதுகளை ஏழு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். வெப்பத் தாள் ரசீது ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், அன்றே படமெடுத்துவிடுங்கள்.

வாயால் பேசியதை அன்றிரவே வாட்சப்பில் திருப்பி எழுதி அனுப்புங்கள். கேட்டரிங்காரருக்கு இந்த மாதிரி:

"அண்ணே வணக்கம். காலைல பேசினது: வர்ற மாசம் மூணாவது சனிக்கிழமை ராத்திரி 8 மணி, 80 பேக்ஸ், 70 உறுதி. அதுல 15 சைவம், சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனி மேசை. மாட்டிறைச்சி எதுலயும் வேணாம். சாப்பாடு 7:30க்கு வந்திடணும், முன்கூட்டி வேணாம். பரிமாற 4 பேர். ஹலால் சான்றிதழ் படம் அனுப்புங்க. முன்பணம் 30 விழுக்காடு நாளைக்குப் போட்டுடுறேன். சரின்னா ஒரு வார்த்தை எழுதிடுங்கண்ணே."

'முன்கூட்டி வேணாம்' என்பதை விட்டுவிடாதீர்கள். ஐந்து மணிக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டு அடுத்த ஆர்டருக்குப் போகிற பழக்கம் உண்டு. சமைத்த சாப்பாடு நான்கு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போக வேண்டும். மதியம் மூன்றுக்குச் சமைத்து, ஐந்துக்கு வந்து, ஒன்பதுக்குப் பரிமாறினால் தேங்காய்ப்பால் போட்ட கறிதான் முதலில் பழிவாங்கும்.

அளவைப் பொறுத்தவரை ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்றால் பிரியாணிக்குச் சரி. கோழி ஆளுக்குக் கால் கிலோ. ஐஸ் ஆளுக்கு அரைக் கிலோ, அதை எல்லாரும் குறைத்தே வாங்குவார்கள். பஃபே மேசையைச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். ஒருவர் தட்டு நிரப்ப அரை நிமிடம் என்றால் ஒற்றை வரிசையில் 80 பேருக்கு 40 நிமிடம், கடைசி ஆளுக்கு எலும்புதான் மிஞ்சும். மேசையை நடுவில் இழுத்து இரண்டு பக்கமும் தட்டு வைத்தால் 20 நிமிடத்தில் முடியும்.

சாப்பிடும் இடத்தில் புகைபிடிப்பதற்குத் தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது, திறந்தவெளி மேசைக்கும் அது பொருந்தும். கானோபிப் பந்தலுக்கு அடியில் சாம்பல் தட்டு வைக்காதீர்கள். கானோபி போடுவதானால் 20க்கு 20 அடி ஒன்றில் நான்கு வட்ட மேசை, நாற்பது பேர். சாலையோரத்தில் போடவும் வெளியே ஒலிபெருக்கி வைக்கவும் நகராண்மைக்கழகத்திலும் போலிஸ் நிலையத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மேடையில் என்ன

எட்டிலிருந்து பத்தரை வரை இரண்டரை மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கு ஒரு மணி, உரைக்கும் பரிசளிப்புக்கும் அரை மணி. ஆட்டபாட்டத்துக்கு மிச்சம் ஒரு மணிதான். இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். பாடகர் மூவர், நடனக்குழு இரண்டு, மாயாஜாலம், கராவோக்கே என்று எல்லாவற்றையும் பிடித்துவிட்டு, பத்தேகாலுக்கு ஒவ்வொருவராகக் கெஞ்சி வெட்டிக்கொண்டிருப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு.

முதல் காசை நல்ல அறிவிப்பாளருக்குக் கொடுங்கள். தமிழ், மலாய், கொஞ்சம் ஆங்கிலம் மூன்றும் சரளமாக வர வேண்டும், ஒன்றைச் சொல்லி அதையே மூன்று தடவை மொழிபெயர்த்து இழுக்கக் கூடாது. பட்டங்களையும் பெயர்களையும் எழுதிக் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். டத்தோவை டத்தோஸ்ரீ ஆக்கினால் சிரித்துவிட்டுப் போவார்கள், டத்தோஸ்ரீயை டத்தோ ஆக்கினால் சிரிக்கமாட்டார்கள்.

உறுமி மேளம் நம் ஊர்ச் சொத்து. வாசலில் விருந்தினரை அழைத்துவர ஐந்து நிமிடம் அடித்தால் மண்டபமே நிமிர்ந்து உட்காரும். அதையே தகரக் கூரைக்குள் இருபது நிமிடம் அடித்தால் கைக்குழந்தை அலறும், வயதானவர்கள் வெளியே போய் நிற்பார்கள். பெரும்பாலான குழுக்கள் திருவிழாவில் அடித்துப் பழகிய பையன்கள். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று வாசலிலேயே கோடு போட்டுக் காட்டுங்கள். சாமிப் பாட்டு அடி வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். யாருக்காவது அருள் வந்துவிட்டால் கம்பெனி விருந்தில் அதைச் சமாளிக்க ஆள் இல்லை.

பரதம் என்றால் ஒரு உருப்படி, எட்டுப் பத்து நிமிடம். பிள்ளைகள் சலங்கையோடு ஆடுவதால் மேடைப் பலகையில் ஆணி, இடைவெளி இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். 8க்கு 4 அடிப் பலகை ஆறு சேர்த்தால் 16க்கு 12 அடி மேடை. நாலு பேர் ஆட அது போதும். உடை மாற்ற ஒரு பூட்டுள்ள அறை கட்டாயம்.

கீபோர்டு ஒருவர், பாடகர் இருவர் என்பது எண்பது பேருக்கு அளவான குழு. சாப்பிடும்போது பழைய பாட்டு, மெல்லிய சத்தம். பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறதா என்பதுதான் அளவு. தட்டு எடுத்த பிறகு குத்துப்பாட்டுக்குப் போகலாம். கராவோக்கேயைக் கடைசியில் வையுங்கள். முன்னால் வைத்தால் மைக்கைப் பிடித்த மேலாளரிடமிருந்து அதை வாங்க யாருக்குத் தைரியம் வரும்?

மைக் பற்றி ஒரு வார்த்தை. 'கீ...' என்று வீறிடுவதற்குக் காரணம், மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் போவது. ஸ்பீக்கர் இரண்டையும் மேடையின் முன்விளிம்பைத் தாண்டி வைத்து, பேசுகிறவர் அதற்குப் பின்னாலேயே நிற்கும்படி தரையில் டேப் ஒட்டுங்கள். கம்பியில்லா மைக்குக்குப் புது பேட்டரி இரண்டு ஜோடி சட்டைப்பையில் இருக்கட்டும், ஒரு கம்பி மைக்கும் தயாராக இருக்கட்டும்.

வெளிநாட்டுப் பாடகரை மேடையேற்ற புஸ்பால் என்கிற அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர் 'சும்மா ரெண்டு பாட்டு' என்றாலும், பணம் வாங்கிப் பாடுவதானால் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பொது நிகழ்ச்சியில் பாட்டு ஒலிக்க 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமம் தேவைப்படும். மண்டபத்துக்கு உரிமம் இருக்கிறதா, அது உங்கள் நிகழ்ச்சிக்கும் செல்லுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

குலுக்கல் பரிசைப் பெரிதாக ஒன்று வைப்பதைவிடச் சிறிதாகப் பதினைந்து வைக்கலாம். ரைஸ் குக்கர், மின்விசிறி, பேரங்காடிப் பற்றுச்சீட்டு எல்லாம் இங்கே வரவேற்புப் பெறும். கடைசிப் பரிசைப் பத்தேகாலுக்கு வைத்தால் ஆட்கள் அதுவரை இருப்பார்கள். மது சேர்ந்த கூடை வேண்டாம், யார் கைக்குப் போகும் என்று தெரியாது.

அன்றைக்கு

மூன்று மணிக்கு மண்டபத்தைத் திறந்து முதலில் ஏர்கோனை ஓட விடுங்கள். வெயிலில் வெந்த மண்டபம் குளிர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். நான்குக்கு மேசை, ஐந்துக்கு ஒலிச் சோதனை, ஏழுக்குச் சைவ மேசையில் பெயர்ப்பலகை, ஏழரைக்குச் சாப்பாடு. வாசலில் வரவேற்க ஊரில் எல்லாரையும் தெரிந்த ஓர் அக்காவை நிறுத்துங்கள். பெயர்ப் பட்டியலோடு நிற்கும் இளைஞனைவிட அவர் வேகமாக உட்கார வைப்பார்.

மிஞ்சிய சாப்பாட்டைத் தாப்பாவ் கட்டப் பொட்டலத்தாளும் ரப்பர் பேண்டும் முன்பே வாங்கி வையுங்கள். பத்தரைக்கு வேன் புறப்படும் என்று அறிவிப்பாளர் பத்து மணிக்கும், பத்தேகாலுக்கும் சொல்லட்டும். எல்லாரும் போன பின் தரை, சுவர், கழிப்பறை, நாற்காலி எண்ணிக்கை என்று நான்கு படம் எடுத்து, மின்விசிறிகளை அணைத்து, சாவியை யாரிடம் வாங்கினீர்களோ அவர் கையிலேயே கொடுங்கள். திங்கட்கிழமை வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்கப் போகும்போது அந்தப் படங்கள் கைப்பேசியில் இருக்கட்டும்.